கையெழுத்து என்னோடது

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேனேஜர் என்னிடம் கேட்டார். கார்ட்டன் அடுக்குவதையும் லாரிக்காரரிடம் பேசுவதையும் நான் எழுத வேண்டியதில்லை. வேலையில் இறங்கினால் கொஞ்ச நாளில் அதெல்லாம் கைக்கு வந்துவிடும். தானாகக் கைக்கு வராத ஒன்று இருக்கிறது. தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்த முதல் ஒரு மணி நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் அது. அதை எனக்கு யாரும் பாடம் எடுத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவளான ஒரு பெண் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. சரக்கை வெளியே அனுப்புகிற டெஸ்பாட்ச் வேலை நான் பார்த்தது அவற்றில் ஒன்றில். பெயர் வேண்டாம். ஆபரேஷனுக்கும் புண்ணுக்கும் வைக்கிற காஸ் துணியை மடித்து, சின்னச் சின்னப் பாக்கெட்டில் போட்டு, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய நீராவிப் பெட்டிக்குள் தள்ளிக் கிருமி நீக்கி அனுப்புவோம். ஒவ்வொரு பாக்கெட்டின் ஓரத்திலும் ஒரு ரோஸ் நிறப் புள்ளி இருக்கும். நீராவி பட்டால் அது கறுத்துவிடும். ரோஸாகவே இருந்தால் அந்தப் பாக்கெட் பெட்டிக்குள் போகவே இல்லை என்று அர்த்தம். கிருமி நீக்காத டிராலி வண்டிகள் ஆட்டோகிளேவுக்கு இந்தப் பக்கம் நிற்கும், நீக்கியவை அந்தப் பக்கம் போகும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை. காலையில் என் போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்.

“அண்ணாச்சி, நீங்க அனுப்புன சரக்குல ஒரு பெட்டியில மட்டும் புள்ளி ரோஸாவே இருக்கு. அச்சுத் தப்பா இருக்குமோ?”

நான் உடனே கேட்டேன். “பிரிச்சிட்டீங்களாம்மா?”

“நேத்து ஒருத்தருக்குக் கட்டுப் போட எடுத்திருக்காங்க. இன்னைக்கு நான் எடுக்கும்போதுதான் பாத்தேன்.”

செத்த நேரத்தில் முதலாளி அறையில் எல்லோரும் கூடிவிட்டோம். ஆட்டோகிளேவ் ஓட்டுகிற கணேசன் முதலில் பேசினார். “அந்தச் சரக்கு ஓட்டுன அன்னைக்குக் கரெண்டு போயிட்டு வந்துச்சு முதலாளி. வந்த உடனே உள்ள இருந்ததை மறுபடி முழுசா ஓட்டிட்டேன். எம் மேல தப்பில்ல.” மடித்துக் கட்டுகிற பிரிவைப் பார்க்கிற அம்மா, “கட்டி டிராலியில அடுக்குறதோட எங்க வேலை முடிஞ்சுபோச்சு” என்றார். எலெக்ட்ரீசியன், புது ஜெனரேட்டர் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது என்று ஆரம்பித்தார். நான் சும்மா இருந்தேனா? இல்லை. “டிராலி தள்ளுறது மாரியப்பன்தான். அவன்தான் இந்தப் பக்கத்துல இருந்ததை அந்தப் பக்கம் தள்ளியிருப்பான்” என்றேன். மாரியப்பன் அந்த அறையிலேயே இல்லை. இல்லாதவன் மேல் போடுவது எவ்வளவு லேசு பாருங்கள்.

முதலாளி, “அவன் கணக்கை முடிச்சு அனுப்பிருங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் நஸீமா உள்ளே வந்தாள்.

நஸீமா எங்கள் தரப் பரிசோதனைப் பொறுப்பாளர். க்யூசி என்போம். அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு என் பக்கம் வரும். ராஜபாளையத்துப் பெண். வீட்டுக்காரர் வைத்திருந்த செருப்புக்கடை படுத்துவிட்டது. வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடியது. இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கையில் சில பாக்கெட்டுகளோடு வந்தாள். ஒவ்வொரு சரக்கிலிருந்தும் மாதிரிக்கு எடுத்து வைக்கிற பாக்கெட்டுகள். மேஜையில் பரப்பினாள். எல்லாவற்றிலும் புள்ளி கறுப்பு.

முதலாளிக்கு மூச்சு வந்தது. “அப்ப உம் மேல ஒண்ணுமில்லம்மா. நீ முறைப்படி பாத்திருக்க.”

“அப்படி இல்ல சார். இது ரெண்டு டிராலியில எடுத்தது. மத்த டிராலியில நான் எடுக்கல. எடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ரெண்டைப் பாத்துட்டு மொத்தத்துக்கும் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து என்னோடது.”

தப்பித்துக்கொள்ளக் கதவு திறந்திருக்கிறது. முதலாளியே திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவள் அதைச் சாத்திவிட்டாள்.

“யார் தள்ளுனா, யார் விட்டாங்குறதை பொறவு பாக்கலாம் சார். இப்ப அந்தப் பெட்டிங்க எங்க இருக்குன்னு பாக்கணும்.” என் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி, அந்தச் சரக்கு எங்கெல்லாம் போயிருக்கு?”

அதுவரை நான் மாரியப்பனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட பிறகுதான் என் மூளை என் வேலைக்குத் திரும்பியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி, வத்திராயிருப்பில் ஒரு டாக்டர், தளவாய்புரத்தில் ஒரு நர்சிங் ஹோம். மூன்றே இடம். பட்டென்று சொன்னேன்.

“போன் போட்டு, பெட்டி டேமேஜ், மாத்தித் தாரோம்னு சொல்லுவோம். விஷயம் வெளிய தெரியாம முடிச்சிரலாம்” என்றேன். நல்ல யோசனை என்றுதான் எனக்குப் பட்டது. முதலாளியும் தலையாட்டினார்.

நஸீமா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. “டேமேஜ்னு சொன்னா, வண்டி வரட்டும் தாரேன்னு வச்சிருப்பாங்க அண்ணாச்சி. வண்டி போய்ச் சேருறதுக்குள்ள அவசரத்துக்கு ஒண்ணைப் பிரிச்சிட்டா?”

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். உண்மை சொல்வதை நாம் ஏதோ மனசாட்சி விஷயம் என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம். அன்றைக்கு அது வேலை விஷயம். பொய் சொல்லியிருந்தால் இன்னொரு புண்ணில் அந்தத் துணி போயிருக்கும்.

“ஊரெல்லாம் சொன்னா நாளைக்கு எவன் நம்மகிட்ட வாங்குவான்?” என்றார் முதலாளி.

“நான் எம் பேரைச் சொல்லியே சொல்றேன் சார்.”

அங்கேயே நின்று போன் போட்டாள். “எம் பேரு நஸீமா. இந்தச் சரக்கைப் பாத்துக் கையெழுத்துப் போட்டவ நான்தான். அதுல கிருமி நீக்காத பாக்கெட் கலந்திருக்கு. தயவுசெஞ்சு ஒண்ணுகூடப் பிரிக்காதீங்க. தனியா ரூம்ல பூட்டி வச்சிருங்க, நாங்க வாரோம்.” மூன்று இடத்துக்கும் இதே வார்த்தை. வத்திராயிருப்பு டாக்டர் போட்ட சத்தம் போனுக்கு வெளியே எங்களுக்கே கேட்டது. அவர் முடிக்கிறவரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். முடிந்ததும், “நீங்க சொல்றது சரிதான் டாக்டர். பெட்டியைப் பூட்டிட்டீங்களா?” என்று கேட்டாள். அங்கேயும் தளவாய்புரத்திலும் அந்தச் சரக்கை இன்னும் தொடவே இல்லை என்று தெரிந்தபோது, மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி கண்ணை மூடினாள்.

தளவாய்புரத்துக்கும் வத்திராயிருப்புக்கும் ஆள் அனுப்பிவிட்டு, நானும் அவளும் நல்ல சரக்கோடு கம்பெனி வேனில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம். அந்த ஊருக்குப் பக்கத்தில் குன்றின் மேல் ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது. அதையும் திருவண்ணாமலை என்றுதான் சொல்வார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் சுற்றுவட்டாரம் மொத்தமும் அங்கேதான். ஊருக்குள் நுழைகிற இடத்திலேயே வண்டி ஊர்ந்தது.

“ஏம்மா, வேலை போயிரும்னு பயமா இல்லையா?” என்று கேட்டேன்.

“பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி. காலையில இருந்து தண்ணி கூட இறங்கல.” வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். “மாரியப்பன் மேல போட்டா என் வேலை நிக்கும். ஆனா அந்தப் புண்ணுல வச்சது வச்சதுதானே?”

வண்டி நகரவில்லை. ஆளுக்கு ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தோம்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “யாரு இதுக்குப் பொறுப்பு? உங்க முதலாளியை வரச் சொல்லுங்க.”

“நான்தான் பொறுப்பு டாக்டர்.”

“நீங்களா? நீங்க என்ன பண்ண முடியும்?”

“எந்தப் பேஷண்டுக்கு வச்சீங்கன்னு சொன்னீங்கன்னா, அவர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்.”

டாக்டரம்மா அதை எதிர்பார்க்கவில்லை. அவர் எழுந்து வெளியே வந்தபோது நான் நஸீமாவின் காதோரம் குனிந்து, “கட்டுப் போட்ட சிஸ்டரும் புள்ளியைப் பாக்காமத்தான பிரிச்சிருக்கு. அதையும் ஒரு வார்த்தை சொல்லி வைம்மா” என்றேன்.

“அது அவங்க பாத்துக்கிட வேண்டியது. நம்மளதை நம்ம பாப்போம்” என்றாள்.

அந்தக் கட்டோடு படுத்திருந்தவர் பெயர் வெங்கடேசன். பால்கோவாக் கடையில் அடுப்படி வேலை. கொதிக்கிற பால் வலது கையில் கொட்டி, முழங்கைக்குக் கீழே வெந்துபோயிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நஸீமா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தான் யார், என்ன நடந்தது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொன்னது மொத்தம் நாலைந்து வாக்கியம்தான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது முடியவே முடியாதோ என்று இருந்தது.

அந்தம்மா விசிறியைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தார். “ஏட்டி, படிச்சவதான நீ? கண்ணு எங்க வச்சிருந்த? இந்தக் கைய நம்பித்தான் ரெண்டு பொம்பளப் புள்ளைகள வச்சிருக்கோம். கை போச்சுன்னா நீ வந்து பால் கிண்டுவியா?” வார்டே திரும்பிப் பார்த்தது. நஸீமா தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

வெங்கடேசன் மட்டும் மெதுவாகக் கேட்டார். “கை வெளங்குமாம்மா?”

“தெரியலண்ணே. இப்பவே பழைய கட்டைப் பிரிச்சுக் கழுவி, டாக்டர் புதுசா கட்டுவாங்க. காய்ச்சல் வருதா, சீழ் வைக்குதான்னு பாக்கணும். ஒண்ணும் ஆகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஆறுற வரைக்கும் வாரேன்.”

சாயங்காலம் கம்பெனிக்குத் திரும்பியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஷிப்டு மாறுகிற நேரம். எல்லோரையும் ஆட்டோகிளேவ் பக்கம் கூப்பிட்டாள். காலையில் மாரியப்பன் பேர் அடிபட்டது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவன் சுவரோரம் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

“சரக்குக்குக் கையெழுத்துப் போட்டது நான். ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் சொல்லிட்டு வந்திருக்கேன்” என்று ஆரம்பித்தாள். “யாரையும் பிடிச்சுக் குடுக்கறதுக்காகக் கேக்கல. எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் மறுபடி நடக்காம பாக்க முடியும். அதுக்காகக் கேக்கேன்.”

மாரியப்பன் சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தான்.

“நான்தாங்க்கா தள்ளுனேன். கரெண்டு போயிருச்சு. ஜெனரேட்டருக்கு டீசல் டிரம்மை உருட்டிட்டு வந்தாங்க. வழியில இன்னும் உள்ள விடாத டிராலி ஒண்ணு நின்னுச்சு. வழி விடணும்னு அந்தப் பக்கம் தள்ளி விட்டேன். பொறவு திருப்பி வைக்க மறந்துட்டேன்.”

அவன் முடிப்பதற்குள் கணேசன் வாயைத் திறந்தார். “அவன் தள்ளுனதை நான் பாத்தேன். கரெண்டு வந்த பொறவு அதையும் உள்ள விடணும்னு நெனச்சேன். அம்புட்டு வேலையில மறந்து போச்சு.” காலையில் “எம் மேல தப்பில்ல” என்ற அதே கணேசன்.

எனக்கும் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அந்தச் சரக்கு கிளம்பிய அன்றைக்கு லாரி காத்துக்கொண்டிருந்தது. நஸீமா எல்லா டிராலியையும் பார்க்கக் கொஞ்சம் நேரம் கேட்டாள். லாரிக்காரன் போயிருவான் என்று அவசரப்படுத்தியது நான்தான். அதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் காலையிலேயே முதலாளியிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

காலையில் முதலாளி அறையில் யார் செய்தது என்று தேடினோம். ஆளுக்கு ஒரு பொய்யும் பாதி உண்மையும்தான் கிடைத்தது. சாயங்காலம் ஒருத்தி முன்னால் வந்து ஏற்றுக்கொண்ட பிறகு, நடந்தது முழுவதும் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. தண்டனைக்கு ஆள் தேடுகிற இடத்தில் யாரும் நடந்ததைச் சொல்ல மாட்டார்கள். நடந்தது தெரியாமல் எதையும் சரி செய்ய முடியாது. ஆட்டோகிளேவின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இன்றைக்கு நீங்கள் பார்க்கிற மாதிரியான தடுப்புச் சுவர் எங்கள் கம்பெனியில் வந்தது அதற்குப் பிறகுதான். டிராலியைத் தெரியாமல்கூட யாரும் அந்தப் பக்கம் தள்ள முடியாது. எல்லா டிராலியிலும் மாதிரி எடுக்காமல் கையெழுத்து இல்லை என்பதும் அப்போது வந்ததுதான். மாரியப்பன் வேலையில் இருந்தான். அந்தச் சுவருக்குச் செங்கல் சுமந்தவனும் அவன்தான்.

கதை இதோடு நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நல்லது செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று உங்களிடம் சொன்னால் நான் ஏமாற்றுகிறவன்.

வெங்கடேசனுக்குக் காய்ச்சல் வந்தது. புண்ணில் சீழ் வைத்தது. மதுரைக்கு அழைத்துப் போய்த் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டும் என்றார்கள். முதலாளி வக்கீலைக் கேட்டிருக்கிறார். தீக்காயம் என்றால் சீழ் வைப்பது சகஜம், உங்கள் துணியால்தான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். முதலாளி நஸீமாவைக் கூப்பிட்டார். நானும் இருந்தேன்.

“இனிமே அந்த ஆளைப் பாக்கப் போகாதம்மா. நீ போகப் போக நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்.”

“ஒத்துக்கிட்டுத்தானே சார் முதல் நாளே போனேன்.”

“நம்மாலதான் வந்துச்சுன்னு யாரு சொன்னா?”

“நம்மாலதான் வந்துச்சுன்னு நானும் சொல்லல சார். நம்மால வரலன்னும் என்னால சொல்ல முடியாது. அப்படி இருக்கும்போது எப்படிப் போகாம இருக்கறது?”

முதலாளி கெட்டவர் இல்லை. பயந்தவர். இருநூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவருக்கு வருகிற பயம். அவர் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். நஸீமா வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். இன்றோடு இவள் வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்காக வாசலில் நின்றபோது முதலாளியின் கார் வந்து நின்றது. “ஏறும்மா, நானும் வாரேன்” என்றார். அவ்வளவுதான் பேசினாராம். ஆஸ்பத்திரியில் வெங்கடேசனின் கட்டில் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “மதுரைக்குக் கூட்டிட்டுப் போறது, ஆபரேஷன், நீங்க வேலைக்குத் திரும்புற வரைக்கும் வீட்டுச் செலவு, எல்லாம் எங்க பொறுப்பு” என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் நஸீமா என்னிடம் சொன்னது.

தோல் வைத்தது ஒட்டிக்கொண்டது. கை பிழைத்தது. முழங்கைக்குக் கீழே தோல் இறுகி, முழுசாக நீட்ட வராது. வெங்கடேசன் அடுப்படிக்குத் திரும்ப முடியவில்லை. அதே கடையில் கல்லாவில் உட்கார்ந்தார். வத்திராயிருப்பு டாக்டர் அதற்குப் பிறகு எங்களிடம் ஒரு பாக்கெட் கூட வாங்கவில்லை. தளவாய்புரத்து நர்சிங் ஹோம் இன்றுவரை வாங்குகிறது. நஸீமாவுக்கு அந்த வருஷம் சம்பள உயர்வு இல்லை. அவளும் கேட்கவில்லை. அப்புறம் சில வருஷத்தில் வேறொரு கம்பெனி அவளைத் தரப் பிரிவு மொத்தத்துக்கும் தலைவியாகக் கூட்டிக்கொண்டு போனது.

தோல் வைத்த கையின் கட்டைப் பிரித்த அன்றைக்கு நானும் நஸீமாவோடு போயிருந்தேன். முதல் நாள் வார்டில் சத்தம் போட்ட அதே அம்மா எங்களுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார்.

“மொத நாள் உன்னை அடிச்சே இருப்பேன்” என்றார் நஸீமாவிடம். “நீ சொல்லாம இருந்திருந்தா, அந்தக் கட்டு அப்படியேதான் இருந்திருக்கும். பழைய துணியோட. டாக்டரம்மாதான் சொன்னாக.”

நஸீமா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். அந்தம்மா டீ கிளாஸை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். உங்கள் கையைத் தாண்டி ஒரு நாள் ஒரு பெட்டி தப்பாகப் போகத்தான் போகிறது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் போகும். அன்றைக்கு ஒரு அறையில் எல்லோரும் கூடுவீர்கள். உங்களைச் சுற்றிப் பத்துக் காரணம் இருக்கும். பாதி உண்மையாகவும் இருக்கும். கரெண்டு போயிருக்கும், மேலே இருக்கிறவர் அவசரப்படுத்தியிருப்பார், பக்கத்தில் இருக்கிறவர் மறந்திருப்பார். அதையெல்லாம் பேசுவதற்குச் சாயங்காலம் நேரம் இருக்கிறது. அந்தப் பெட்டி இப்போது யார் கையில் இருக்கிறது என்று மட்டும் முதலில் கேளுங்கள். உடனே போனை எடுங்கள். எடுத்ததும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.